பின்லாந்திலும் அனு, அயர்லாந்திலும் அனு

மாமா,

அரசாங்கக் குடும்பப் பட்டியல் இருக்கிற அந்த நீல பிளாஸ்டிக் உறையைப் போன வாரம் திறந்ததிலிருந்து வீடெல்லாம் உங்கள் தைல வாடை. பட்டியலுக்கு அடியில் உங்கள் கப்பல் புத்தகமும் இருந்தது. எந்தக் காலத்திலோ அதன்மேல் தைலப் புட்டியைக் கவிழ்த்திருக்கிறீர்கள். பாதிப் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கின்றன. முதல் பக்கத்தில் முப்பது வயது நீங்கள், மீசையோடு, படம் எடுப்பவரை முறைத்தபடி. படத்துக்குக் கீழே பர்மிய எழுத்தில் ‘தின் வின்’.

யார் இந்தத் தின் வின் என்று ஒரு நொடி யோசித்தேன். இவ்வளவு நடந்த பிறகும் யோசித்தேன். என் மேலேயே எரிச்சலாக வந்தது.

இந்த வீட்டில் இப்போது தட்டுப்பாடில்லாமல் கிடைப்பது எரிச்சல் ஒன்றுதான். நாலு மணி நேரம் வரும் என்று சொன்ன கரண்ட் இரண்டு மணி நேரத்தில் போய்விடுகிறது. சார்ஜ் ஏற்றும் விசிறி குழந்தைக்கு மட்டும். நேற்றுக் காலை வரை அத்தையும் நானும் மூன்று நாள் பேசிக்கொள்ளவில்லை. உங்கள் பிள்ளை அங்கே போய் “ஆமாம்மா” என்கிறார், இங்கே வந்து “சரி விடு” என்கிறார். உங்கள் பேத்திக்கு ஆறு மாதம் முடிந்துவிட்டது, இன்று காலை வரை பெயர் இல்லை. பிறப்புச் சான்றில் அந்த இடம் காலி.

எல்லாம் உங்களால் என்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள். எனக்கு ஏழு மாதம் நடக்கும்போது ஒரு நாள் சோற்றைப் பிசைந்துகொண்டே, “பொட்டப்புள்ளதான். அனுன்னு வெச்சிடுங்க. ஒரே பேரு, வீட்டுக்கும் அதான் வெளியிலயும் அதான்” என்று தீர்ப்பு எழுதினீர்கள். அடுத்த மாதம் நீங்கள் இல்லை. மிச்சச் சண்டையை நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

குழந்தை வியாழக்கிழமை பிறந்தது. அத்தை ஆஸ்பத்திரிக் கட்டிலருகே நின்றுகொண்டே விரல் மடக்கிவிட்டார். பர்மியர் கணக்கில் வியாழனுக்குப் ப, ம எழுத்துகள்தான். அ ஞாயிற்றுக்கிழமைக்காரர்களுடையது. கோவில் குருக்கள் நட்சத்திரம் பார்த்து இன்னோர் எழுத்தை எழுதிக் கொடுத்தார். உடனே அத்தை குருக்கள் எழுத்து வீட்டுப் பேருக்கு, கிழமை எழுத்து ஆபீஸ் பேருக்கு என்று பங்கு பிரித்தார். உங்களுக்கு, உங்கள் பிள்ளைக்கு, எனக்கு, தாமுவேயில் இந்தத் தெருவில் இருக்கிற பர்மாத் தமிழர் எல்லோருக்கும் அப்படித்தானே, வீட்டுக்குத் தமிழில் ஒன்று, வெளியே பர்மியத்தில் ஒன்று என்று இரண்டிரண்டு பெயர்? உங்கள் அனு எந்தப் பங்கிலும் இல்லை.

“வேற கெழம எழுத்துல பேரு வெச்சா புள்ள நோஞ்சானாப் போயிடும். வாரத்துக்கு ஒரு தடவ இருமுது, பாக்குறேல்ல?” என்றார்.

பார்க்கிறேன்தான். அதுதான் சிக்கல். கல்லூரியில் விலங்கியல் படித்தவள் நான், கிழமைக்கும் இருமலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டிருக்க வேண்டும். ஆனால் குழந்தை ஒவ்வொரு முறை இருமும்போதும் நான் என்ன கிழமை என்று எண்ணினேன். உங்களிடம் மட்டும் சொல்கிறேன்.

இதற்கிடையில் வீட்டில் ஆளுக்கொரு பெயர். அத்தைக்கு அவள் மீமீ. உங்கள் பிள்ளைக்குப் பாப்பா. எதிர்வீட்டு டோ கின், பர்மியத்தில் மகளே என்று அர்த்தம் வருகிற மாதிரி, தமீ என்று கூப்பிட்டுக் கன்னத்தில் தனாக்காப் பட்டை அரைத்த சாந்து பூசிவிட்டுப் போவார். நான் கதவைச் சாத்திக்கொண்டு பால் கொடுக்கும்போது மட்டும் காதோடு அனு என்பேன். திருட்டுத்தனமாக, ஏதோ தப்பு செய்கிறவளைப் போல.

போன மாதக் கடைசியில் எனக்கு இன்னொரு பயம் பிடித்தது. கூப்பிட்டால் குழந்தை திரும்புவதில்லை. கரண்டியைத் தட்டினால் திரும்புகிறாள். பெயர் சொன்னால் விசிறியைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். கைபேசியில் தேடினேன். தேடக்கூடாது என்று தெரிந்தே தேடினேன். அது சொன்னதையெல்லாம் இங்கே எழுதினால் நீங்கள் அங்கிருந்தே எழுந்து வந்துவிடுவீர்கள். இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. மூன்றாம் நாள் உங்கள் பிள்ளையை வேலைக்குப் போகவிடாமல் குழந்தை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன்.

அந்த அம்மா குழந்தையின் தலைக்குப் பின்னால் விரலைச் சொடுக்கினார், ஒரு கிலுகிலுப்பையை ஆட்டினார். காது நன்றாக இருக்கிறது என்றார். பிறகு, எந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். நான் வரிசையாகச் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டு வந்தவர், நாலாவதில் பேனாவை வைத்துவிட்டார். முதலில் நீங்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு முடிவுக்கு வாருங்கள், அப்புறம் குழந்தையைக் குறை சொல்லலாம் என்றார். உங்கள் பிள்ளை சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. டாக்டர் சொன்னது உங்கள் வாயிலிருந்து வந்த மாதிரியே இருந்தது.

திரும்பி வரும்போது டாக்ஸியில் உங்கள் பிள்ளை கைபேசியில் அனு என்ற பெயரைத் தட்டிப் பார்த்தார். குழந்தைகளுக்குப் பெயர் சொல்லும் ஏதோ ஓர் இணையப் பக்கம், ரோஜா நிறத்தில், ஓரமெல்லாம் வாத்துக் குஞ்சுகள். “இங்க பாரு, இது நம்ம பேரே இல்லயாம்” என்று நீட்டினார். அனு, பெண் பெயர். மூலம் பின்னிஷ், ஐரிஷ். பின்லாந்தில் அது அன்னா என்ற பெயரின் சுருக்கம், அருள் என்று பொருள். அயர்லாந்தில் ஒரு பழைய தாய்த்தெய்வத்தின் பெயர், செழிப்பு என்ற சொல்லிலிருந்து வந்திருக்கலாம் என்று சிலர் சொல்கிறார்களாம். அவள் பெயரில் அங்கே இரண்டு மலைகள் இருக்கின்றனவாம், மார்பு போல.

தமிழைப் பற்றி ஒரு வரி இல்லை. நம் பக்கத்தில் தெருவுக்கு இரண்டு அனு இருக்கிறார்கள், அந்த வாத்துக் குஞ்சுக்காரருக்கு அது தெரியவில்லை. அந்த எரிச்சல் ஒரு நிமிஷம்தான். அடுத்த நிமிஷம் கைபேசியை வாங்கி முதலிலிருந்து மறுபடி படித்தேன், மாமா. இது அத்தனையும் நீங்கள் சொன்னது.

நான் கல்யாணமாகி வந்த முதல் மாதத்திலேயே அந்தக் கதையைக் கேட்டுவிட்டேன். உங்கள் கப்பலின் இரண்டாவது எஞ்சினியர் ஒரு பின்லாந்துக்காரர், கதவை அடைக்கிற உடம்பு, எஞ்சின் அறைச் சூட்டில் உருகிக்கொண்டே இருப்பார். அவர் மகளின் படத்தைக் கட்டிலுக்கு மேலே ஒட்டியிருந்தார். பெயர் அனு. எங்கள் ஊர்ப் பெயராச்சே என்று நீங்கள் சொன்னதற்கு அவர் நம்பவே இல்லை, உங்களைப் பொய்யன் என்றார். பிறகு கப்பல் அயர்லாந்துத் துறைமுகம் ஒன்றில் நின்றபோது உங்களுக்கு வயிற்று வலி. ஏஜெண்ட் உங்களை ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டுப் போய்விட்டார். நீங்கள் பெஞ்சில் உட்கார்ந்தீர்கள். நாலு மணி நேரம் உட்கார்ந்தீர்கள். உங்களுக்கு அப்புறம் வந்தவர்களெல்லாம் உள்ளே போய் வந்துவிட்டார்கள். நர்ஸ் மூன்று தடவை தின் வின், தின் வின் என்று கூப்பிட்டிருக்கிறார். கப்பலில் எல்லோரும் உங்களை ‘குக்’ என்பார்கள், வீட்டில் தமிழ்ப் பெயர். அந்தப் புத்தகத்துப் பெயர் உங்களுடையது என்பதே உங்களுக்கு நினைவில் இல்லை. பாவம் யாரோ தின் வின், ஆளைக் காணோமே என்று நினைத்துக்கொண்டு வயிற்றைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன் என்பீர்கள்.

கடைசியில் அந்த நர்ஸ்தான் குனிந்து, உன்னை வீட்டில் எப்படிக் கூப்பிடுவார்கள் என்று கேட்டார். அன்றைக்கே வயிற்றைக் கிழித்துக் குடல்வாலை எடுத்தார்கள். பத்து நாள் அங்கே படுத்திருந்தீர்கள். கப்பல் போய்விட்டது. பொழுது போகாமல் அந்த நர்ஸிடம் பின்லாந்து எஞ்சினியரைப் பற்றிச் சொல்ல, எங்கள் ஊரிலும் ஓர் அனு உண்டு, எல்லோருக்கும் தாய், அவள் பெயரில் இரண்டு மலை என்று அவர் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாராம்.

இந்த இடத்தில் அத்தை தட்டை நகர்த்திவிட்டுக் கத்துவார். “சோறு திங்கிற எடத்துல என்ன பேச்சு இது. நிறுத்துங்க.” ஒவ்வொரு முறையும் அதே இடத்தில். நாங்கள் சிரிப்போம்.

நான் சிரித்ததோடு நிற்கவில்லை. படித்த மருமகள் அல்லவா? அந்த எஞ்சினியர் வீட்டிலும் அனு, ஆஸ்பத்திரியிலும் அனு, மலையிலும் அனு, எல்லாம் ஒரே பயணத்தில், போதாததற்குச் சொந்தப் பெயரே தெரியாமல் நாலு மணி நேரம் ஒரு மனுஷன், நம்புகிற மாதிரி ஏதாவது சொல்லுங்கள் மாமா என்றேன். நீங்கள் கொஞ்சமும் வருத்தப்படாமல் அடுத்ததைச் சொன்னீர்கள். திமிங்கலம் நட்டுவைத்த தூண் மாதிரி செங்குத்தாக நின்றுகொண்டு தூங்குமாம். நான் விலங்கியல் படித்தவள், என்னிடமே இதைச் சொல்கிறீர்களா என்று எழுந்து போய்விட்டேன்.

இனி சொல்லப்போவது நேற்று வரைக்கும் யாருக்கும் தெரியாது. உங்களுக்கும் எனக்கும் மட்டும் தெரியும்.

நீங்கள் ஆஸ்பத்திரியில் கிடந்த மூன்றாம் நாள். உங்கள் பிள்ளை மருந்து வாங்க வெளியே போயிருந்தார், அத்தை உங்கள் பக்கத்தில். இரத்தப் பரிசோதனை முடிவை வாங்கி வர என்னை அனுப்பினீர்கள். கீழ்த்தளத்தில் கவுண்டருக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்தேன். கால் வீங்கியிருந்தது, எட்டாம் மாதம். பெயர்களைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். நான் காதைத் தீட்டிக்கொண்டு உங்கள் தமிழ்ப் பெயருக்காகக் காத்திருந்தேன். ஊ தின் வின், ஊ தின் வின் என்று இரண்டு மூன்று முறை கேட்டது. உங்கள் கதையில் வந்த பெயர் என்பதுகூட எனக்கு உறைக்கவில்லை. ஊ என்கிறார்களே, யாரோ பெரியவர், கூட வந்தவர்கள் டீக்கடைக்குப் போயிருப்பார்கள், இப்படியா பொறுப்பில்லாமல் இருப்பார்கள் என்று எனக்குக் கோபம்கூட வந்தது, மாமா. ஒன்றரை மணி நேரம் கழித்து எழுந்து போய்க் கேட்டேன். கவுண்டரில் இருந்த பெண் ஓரமாக எடுத்துவைத்திருந்த தாளை நீட்டினாள். மேலே உங்கள் வயது, உங்கள் படுக்கை எண். பெயர், தின் வின்.

மாடி ஏறி வந்தேன். தாளை உங்களிடம்தான் முதலில் கொடுத்தேன். அதில் அச்சாகியிருந்த நேரத்தைப் பார்த்தீர்கள், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தீர்கள், என் முகத்தைப் பார்த்தீர்கள். ஆக்ஸிஜன் முகமூடிக்குள்ளிருந்து சிரித்தீர்கள்.

“நீயும் ஒக்காந்துட்டியாம்மா?”

அவ்வளவுதான். அத்தை என்ன என்று கேட்டதற்கு, ஒன்றுமில்லை, கூட்டமாம் என்றீர்கள். நாலு நாள் கழித்துப் போய்விட்டீர்கள். அந்த ஒன்றரை மணி நேரத்தால் எதுவும் மாறியிருக்காது என்று டாக்டர் சொன்னார். நான்தான் வராந்தாவில் நிறுத்தி, பொதுவாகக் கேட்கிற மாதிரிக் கேட்டேன். அவர் சொன்னதை அறிவு ஒத்துக்கொண்டது. வேறு எதுவும் ஒத்துக்கொள்ளவில்லை.

ஆக, டாக்ஸியில் அந்த ரோஜா நிறப் பக்கத்தைப் பார்த்ததும் உங்கள் பிள்ளையிடம் ஒன்றும் சொல்லவில்லை. இங்கே வந்து அத்தையிடம் மட்டும், குழந்தைக்கு அனு என்றுதான் எழுதப் போகிறோம், மாமா சொன்னதெல்லாம் உண்மை, இதோ பாருங்கள் என்று கைபேசியை நீட்டினேன். அத்தை பார்க்கக்கூட இல்லை. வெள்ளைக்காரன் பெயர் என்றால் இன்னும் வேண்டாம் என்றார். அப்போது ஆரம்பித்ததுதான் அந்த மூன்று நாள் மௌனம். நடுவில் டோ கின் வந்து, எங்கள் மொழியில்கூட அனு என்றால் மென்மையானது என்று அர்த்தம் வரும், அழகான பெயர், ஆனால் ஞாயிற்றுக்கிழமைப் பெயர் ஆயிற்றே என்று எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றிவிட்டுப் போனார்.

நேற்றுக் காலை, கடையில் மொஹிங்கா மீன் நூடுல்ஸ் வாங்கி வந்து மூன்று பேரும் முகம் பார்க்காமல் தின்றுகொண்டிருந்தோம். நாளைக்கு டவுன்ஷிப் ஆபீஸில் குடும்பப் பட்டியலில் குழந்தை பெயரைச் சேர்க்க நாள் குறித்தாயிற்று, தாளில் என்ன எழுதுவது என்று உங்கள் பிள்ளை கேட்டார். அத்தை ஒரு பெயரைச் சொன்னார். எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. கரண்டியை வைத்துவிட்டு அந்த பெஞ்சைப் பற்றிச் சொல்லிவிட்டேன். அழவில்லை, மாமா. கோபமாகத்தான் சொன்னேன். கூப்பிட்டார்கள், நான் எழுந்திருக்கவில்லை, ஏனென்றால் நீங்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு மனுஷனுக்கு இரண்டு பெயர் வைத்துவிட்டு அதில் ஒன்றைக் கதையில் தவிர வேறெங்கும் எனக்குச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள் என்று.

உங்கள் பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். அத்தை என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் கிண்ணத்தை நகர்த்தினார். உங்கள் கதையின் போது நகர்த்துவாரே, அதே மாதிரி.

“அப்ப இவனுக்கு ரெண்டு வயசு” என்றார். “வாசல்ல ஒருத்தன் வந்து, தின் வின் சம்சாரம் யாருன்னு கேட்டான். இங்க அப்பிடி யாரும் இல்ல, அடுத்த தெருவுல பாருன்னு அனுப்பிச்சிட்டேன். கப்பக் கம்பேனி ஆளு. அவுருக்கு ஒடம்புக்கு முடியல, அந்த ஊரு ஆஸ்பத்திரியில போட்டிருக்குன்னு சொல்ல வந்தவன். பதினாறு நாளு கழிச்சுத்தான் எனக்குத் தெரியும்.”

விசிறியைக் குழந்தை பக்கம் திருப்பி வைத்துவிட்டு அத்தையே தொடர்ந்தார்.

“அவுரு அந்தக் கதய எடுக்கிறப்பல்லாம் அந்த ஆளு வாசல்ல வந்து நிக்கிற மாதிரி இருக்கும். அதான் கத்துவேன். நீங்க மலையப் பத்தின்னு நெனச்சிக்கிட்டீங்க.”

உங்களுக்கு அது தெரியுமா, மாமா? தெரிந்துதான் ஒவ்வொரு முறையும் அந்த ஆளைக் கதையில் சேர்க்காமல் விட்டீர்களா? கேட்டால் சொல்லியிருப்பீர்கள். கேட்கவேண்டிய காலத்தில் நான் பொய் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

பிறகு அத்தை எழுந்து கிண்ணங்களை அடுக்கினார். நீங்கள் என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள், வியாழக்கிழமைதோறும் புத்தர் பகோடாவுக்குப் போய், வியாழனில் பிறந்தவர்களுக்கான மூலையில் இருக்கிற சிலைக்கு நான் தண்ணீர் ஊற்றிவிடுகிறேன், அதை யாரும் தடுக்கக்கூடாது என்றார். யார் தடுக்கப்போகிறார்கள்? குழந்தை இருமினால் நானும் கூடப் போவேன்.

இன்று மூவரும் போனோம். குழந்தை அத்தையின் மடியில். அந்த ஆபீஸிலும் பெஞ்சுதான், அங்கேயும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். எனக்கு அந்த மாதிரி இடங்களில் இப்போதெல்லாம் உட்காரவே வருவதில்லை. சுவரோரம் நின்று, யார் பெயர் வந்தாலும் அவர் எழுந்துவிட்டாரா என்று சுற்றிப் பார்க்கிறேன். எழாவிட்டால் பக்கத்தில் இருப்பவரிடம் நீங்களா, நீங்களா என்று கேட்கிறேன். உங்கள் பிள்ளைக்கு வெட்கமாக இருக்கிறதாம். இருக்கட்டும்.

இரண்டு மணி நேரம். குழந்தை இரண்டு துணியை நனைத்தாள். உங்கள் பிள்ளை எதையோ நகல் எடுக்க வெளியே போனார். சரியாக அந்த நேரம் பார்த்துக் குமாஸ்தா ஒரு தாளைத் தூக்கி, பெண்பிள்ளைப் பெயருக்கு முன்னால் சேர்க்கிற மா-வோடு, மா அனு என்றார், தெளிவாக. நான் சுவரிலிருந்து நகர்வதற்குள் அத்தை எழுந்து நின்றுவிட்டார். முழங்கால் வலிக்காரர், கையில் குழந்தை வேறு. ஏதோ விட்டுவிட்டால் போய்விடும் என்கிற மாதிரி எழுந்தார்.

“இருக்கா. இங்கதான் இருக்கா” என்றார், தமிழில். குமாஸ்தாவுக்குப் புரியவில்லை.

இப்போது எல்லோரும் தூங்கிவிட்டார்கள். பட்டியலை உறைக்குள் வைத்தாயிற்று. உங்கள் கப்பல் புத்தகத்தை வைக்கவில்லை, என் தலைமாட்டில் இருக்கிறது. தைல வாடை தலையணைக்கு ஏறிவிட்டது, கேட்டால் அதற்கும் ஒரு சண்டை வரும்.

உங்களால் எனக்கு இன்னொரு வேலை சேர்ந்திருக்கிறது. இது ஒன்று உண்மை என்றால் மற்றதெல்லாம் என்ன? ராத்திரியே வராத கடல், மீன் மழை, கிளியைச் சமையலறையில் வளர்த்த கேப்டன், நான் காது கொடுக்காமல் எழுந்து போன அத்தனையையும் ஒன்று விடாமல் நினைவுக்குக் கொண்டுவந்து, பால் கொடுக்கிற நேரத்தில் ஒரு கையால் தேடிக்கொண்டிருக்கிறேன். நாளைக்கு அனு கேட்பாள், அவளுக்கு நான் சரியாகச் சொல்ல வேண்டும். கேப்டனின் கிளியை எங்கே போய்த் தேடுவது? அதை மட்டும் நீங்கள் சொன்னதற்காக நம்பிவிடுகிறேன்.

கரண்ட் போவதற்குள் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். திமிங்கலத்தைத் தேடினேன், மாமா. படம்கூட இருக்கிறது. நீலத் தண்ணீருக்குள் ஆறேழு, நட்டுவைத்த தூண்கள் மாதிரி, நின்றுகொண்டுதான் தூங்குகின்றன.